தொப்பியைக் கழற்றியதும் வாசிக்கச் சொல்பவர்

‘இப்பவே ஆசாமி’ என்றோர் இனம் உண்டு. செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பூத்துவிட்டதா என்று அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார், நமக்குக் கொடுத்த மாத்திரை தொண்டையைத் தாண்டுவதற்குள் “இப்ப எப்படி இருக்கு?” என்பார். உங்களுக்கு ஒருவரையாவது தெரியாதா என்ன?

நம்மவர் மின்விசிறி பழுதுபார்ப்பவர். சுவிட்சைத் தட்டினால் சுற்ற வேண்டும், சுற்றாவிட்டால் மறுபடி கழற்ற வேண்டும். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். எட்டாவது படிக்கும் மகளுக்கோ டிஸ்லெக்ஸியா. ஒரு பத்தியை வாசித்துக் கரையேறுவதற்குள் களைத்துப்போவாள். கத்தியில்லாமல், ஊசியில்லாமல், தலையில் ஒரு தொப்பியை மாட்டி, மெல்லிய மின்சாரம் செலுத்தி, கூடவே வாசிப்புப் பயிற்சியும் தந்து பார்க்கும் ஆய்வொன்றில் அவளைச் சேர்த்திருந்தார். பலன் இருக்குமா என்பதே இன்னும் கேள்விதான் என்று டாக்டர் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார். மின்சாரம் என்ற சொல்லைத் தாண்டி எதுவும் நம்மவர் காதில் ஏறவில்லை. கரண்ட் அவருடைய துறையாயிற்றே.

முதல் நாள் ஆஸ்பத்திரியில், தொப்பி தலையைவிட்டு இறங்கியதுதான் தாமதம், கதவில் ஒட்டியிருந்ததை வாசிக்கச் சொன்னார். திணறினாள். தீயணைக்கும் உருளையைச் சுட்டிக்காட்டி, அதன் வயிற்றில் எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னார். இன்னும் திணறினாள். நல்லவேளை, மச்சானிடமிருந்து போன் வந்தது. சன்னல் பக்கம் திரும்பி, மூளைக்கு வயரிங் செய்வது பற்றி அவருக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தார்.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், சுவரிலிருந்த அறிவிப்பை நின்று நின்று, ஆனால் கடைசிவரை வாசித்தது. மகளேதான்.

“கேட்டியா மச்சான்? கரண்ட் வேலையைக் காட்டிருச்சு!” போனை அணைக்காமலேயே ஓடிப்போய்க் கருவி இயக்கும் பெண்ணைக் கும்பிட்டார்.

அந்தப் பெண் தொப்பியைத் துடைத்தபடி சொன்னார்: “சார், இன்னைக்குத் தலை அளவு மட்டுந்தான் எடுத்தோம். இன்னும் ப்ளக்கே சொருகலையே.”

போனுக்குள் மச்சான் சிரித்த சிரிப்பு வராந்தா முழுக்கக் கேட்டது.

“அப்புறம் எப்படிம்மா வாசிச்ச?”

“நீங்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தீங்கப்பா.”

வீடு திரும்பும் பேருந்தில் கடைப்பலகைகள் ஒவ்வொன்றாக வந்து அவரைச் சீண்டின. உதட்டைக் கடித்துக்கொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் எதையோ எழுத்துக் கூட்டி முணுமுணுப்பது கேட்டது. திரும்பவில்லையே மனிதர். கழுத்து வலித்திருக்கும்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதை வீட்டில் யாரிடமாவது வாசிக்கக் கொடுத்துவிட்டு, எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறீர்கள் அல்லவா? தயவுசெய்து, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.