குருவிடம் பேரம்

இரண்டாவது இட்லியில் கை வைத்தபோது சின்னதுரை தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள முடிவு செய்தார்.

"ஆடு வளர்க்கப் போறேன்."

"வளருங்க" என்றாள் வேதநாயகி. "சாம்பார் ஊத்தட்டுமா?"

அவருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. மனைவியை மடக்க எட்டு வாதங்கள் தயார் செய்து வைத்திருந்தார். எட்டும் வீண்.

"தளேகாவ்ல இருக்கற அரை ஏக்கர்லதான் வளர்ப்பேன்!"

"அது என் பேர்ல இருக்கு. அங்கயே ஆடு வெச்சிருக்கிறவங்க யாராவது ஒருத்தர் உங்களைச் சிஷ்யனா ஏத்துக்கட்டும், நிலத்தைத் தரேன். நாலு ஞாயித்துக்கிழமை டைம். ஆள் கிடைக்கலைன்னா என் தம்பி சபரி அங்க வண்டி நிறுத்திக்கட்டும்."

சபரி என்ற பேரைக் கேட்டாலே சின்னதுரைக்கு வயிறு எரியும். அன்றே கிளம்பிவிட்டார்.

பதினாறு வயதில் சிஞ்ச்வட் ஸ்டேஷனில் வெறுங்கையோடு இறங்கி, அடிபட்டு மிதிபட்டு, பழைய வண்டிச் சாமான் கடை வைத்தவர் அவர். எதிராளி எதைச் சொன்னாலும் பாதியாக்கு. இந்த ஒரு பாடத்தில்தான் கடை ஓடியது. முதலில் சொல்லும் கணக்கைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். டாக்டர் ஐந்து நாள் மாத்திரை எழுதினால் மூன்று நாளில் முடித்துக்கொள்வார்.

முதல் ஞாயிறு, தளேகாவ் இஸ்மாயில் பாய். ஆம்பூர்க்காரர். அந்தப் பக்கத்தில் முப்பது வருஷமாக ஆடு வைத்திருப்பவர்.

"பஹிலே, முதல்ல, நாலு ஆடு வாங்குங்க. வாங்கினதை இருபத்தோரு நாள் தனியா கட்டுங்க. மூணு மாசம் தினம் காலையில இங்க வந்து கொட்டகையைக் கூட்டுங்க. தன்னால தொழில் வந்துடும்."

"நாலு என்ன பாய் நாலு! இருபதா ஆரம்பிக்கறேன். தனியா கட்டறதை ஏழு நாள்ல முடிச்சுக்கலாம். கூட்டறதை விட்டுடுங்க."

"ஏழு நாள்ல கிளம்பிடறேன்னு நோய் உங்ககிட்ட எழுதிக் குடுத்துச்சா?"

கேட் சாத்தப்பட்டது.

இரண்டாவது ஞாயிறு, சாந்தகுமாரி அம்மாள். வெடிமருந்து ஃபாக்டரியில் ரிடையராகி, பன்னிரண்டு ஆடு வைத்திருப்பவர். கொட்டகையின் பலகைத் தளம் தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்க வேண்டும் என்றார்.

"ரெண்டடி வெச்சுக்கலாமே."

"வெச்சுக்கோ. அடியில புழுக்கை அள்ள நீதான் தவழ்ந்து போகணும்."

மூன்றாவது ஞாயிறு, சொந்தமாக ஆடும் வைத்திருக்கும் ஒரு கால்நடை டாக்டர். குடற்புழு மருந்து பத்து மில்லி என்றார். "ஆறுக்கு முடிச்சுக்கோங்க சார்" என்றார் சின்னதுரை. டாக்டர் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

நாலாவது வாரம் சின்னதுரைக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தார். கடையில் வந்த கிராக்கியிடம் கத்தினார். கனவில் சபரி அரை ஏக்கர் நிறைய வண்டிகளை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தான்.

சனிக்கிழமை மாலை இஸ்மாயில் பாயே போன் செய்தார். "நாளைக்கு வாங்க சேட், பேசிப் பார்க்கலாம்."

'தானாகக் கூப்பிடுகிறான் என்றால் இறங்கி வருகிறான்!' மறுநாள் முதல் லோக்கல் ரயிலில் ஏறினார்.

"ஒரு ஆடு" என்றார் பாய். "ஒண்ணே ஒண்ணு."

"இருபது."

"ரெண்டு."

"பத்து!"

"மூணு. அதுக்கு மேல பேசாதீங்க."

சின்னதுரை செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கேட் வரை நடந்தார். கடையில் முப்பது வருஷமாகப் பலித்த ஆயுதம், பொய்க்குமா?

"அட, வாங்க சேட்! நாலு!"

"அப்படி வாங்க வழிக்கு."

"தனியா கட்டறது அறுபது நாள்."

"ஏழு."

"நாப்பது."

"பதினஞ்சு."

"முப்பது."

"இருபத்தொண்ணு! அதுக்கு மேல ஒரு நாள்கூட கிடையாது!"

பாய் தாடியைத் தடவியபடி பெருமூச்சு விட்டார். "சரி. ஆனா கொட்டகை கூட்டறது ஒரு வருஷம். தினம் காலை ஆறு மணிக்கு."

"ஒரு வருஷமா! என்னை என்னன்னு நினைச்சீங்க?"

"பத்து மாசம்."

"மூணு மாசம்! முடிஞ்சது பேச்சு!" கயிற்றுக் கட்டிலில் ஓங்கி அடித்தார்.

பாய் கொஞ்சம் திகைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சட்டென்று கையை நீட்டினார். "மூணு மாசம். பக்கா."

வீட்டுக்குள் நுழையும்போதே சின்னதுரை முழங்கினார். "வேதா! ஒண்ணுன்னவரை நாலுக்கு ஏத்தினேன்! அறுபதுன்னவரை இருபத்தொண்ணுக்கு இறக்கினேன்!"

வேதநாயகி மேத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "செருப்பு ஸ்டாண்டைப் பாருங்க."

புத்தம்புது ரப்பர் பூட்ஸ். எட்டாம் நம்பர், அவருடைய அளவு. மேலே காலண்டரில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் அவள் கையெழுத்து: 'ஆடு 4. தனியா 21 நாள்.' அதற்குக் கீழே இருந்த வரியைச் சமையலறைத் துண்டு மறைத்திருந்தது.

"நீ… பாய்கிட்ட பேசினியா?"

"உங்க போன்ல நம்பர் இருந்துச்சு. உங்க பேரம் பேசற வியாதியைச் சொன்னேன். தலைகீழா ஆரம்பிங்க, அவரே சரியான இடத்துல வந்து நிப்பார்னேன்."

சின்னதுரை சோபாவில் சரிந்தார். அடுத்த நொடி துள்ளி எழுந்தார். "மூணு மாசம்? அது நானா அடிச்சுப் பேசினது! ஒரு வருஷத்தை நான் உடைச்சேன்!"

வேதநாயகி எழுந்து வந்து துண்டை எடுத்தாள். 'கூட்டறது 2 மாசம்.'

"அதான் பாய் போன் பண்ணிச் சிரிக்கறாரு. பாவம் மனுஷன், ரெண்டு மாசத்தோட விட்டுடுங்கன்னு நான் சொல்லி வெச்சிருந்தேன்."