ஒரே புகைச் சட்டமும் றுவைஸின் உலையும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இனிமேல் புகை ஒரே இடத்திலிருந்து மட்டுமே எழலாம் என்று உலோகக் கழிவு முகாமைத்துவப் பணியகம் தீர்மானித்தது. அதற்காக வெளிநாட்டு நவீன உருக்கு உலை ஒன்று கப்பலில் வந்து இறங்கியது. வந்த அன்றே கிண்ணியாவில் றுவைஸின் உலைக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள்.

றுவைஸ் உடைந்த சட்டி, மின்விசிறி இறகு, படகு இயந்திர மூடி எல்லாவற்றையும் உருக்கி மண் அச்சில் ஊற்றித் தாச்சி வார்ப்பவர். ஊரில் பொரிக்கிற மீனில் முக்கால்வாசி அவருடைய தாச்சியில்தான் பொரிந்தது. உலை அணைந்ததும் வீட்டு அடுப்பும் அணையத் தொடங்கியது. மனைவி ரிப்காவையும் கூட்டிக்கொண்டு பணிப்பாளர் சிவகுருநாதனிடம் போனார்.

"சேர், புது உலையை எப்ப மூட்டுவீங்க?"

"பிரதம விருந்தினர் வந்ததும்."

"அதுக்கு முன்னுக்கு ஒருக்கா மூட்டிப் பாத்தா என்ன?"

"மூட்டினா அது திறந்த உலையாப் போயிடும். திறந்த உலையைத் திறக்க அவரை எப்படிக் கூப்பிடுறது?"

"அப்ப எங்கட அடுப்பையும் அவர் வந்துதான் பத்தவைக்கோணுமா சேர்?" என்றார் ரிப்கா.

"அது எங்கட பணியகத்துக்குள்ள வராது, தங்கச்சி."

சுபநேரம் மாறியது. பிரதம விருந்தினரே மாறினார். இரண்டு மாரி போயிற்று. கடற்காற்று மட்டும் எவருடைய அனுமதியுமின்றிப் புது உலைக்குள் போய்ப் பார்வையிட்டு வந்தது. இவ்வளவு காலமும் றுவைஸின் உலையில் அரக்கு உருகாமல் இருந்ததற்காக முத்திரைப் பிரிவுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள்.

கடைசியில் நாள் உறுதியானது. விருந்தினருக்கு ஒரே நிபந்தனை: தமது பெயர் பொறித்த பலகை மீள்சுழற்சி உலோகத்தில் இருக்க வேண்டும். சிவகுருநாதன் புது உலையின் மின் ஆளியை மெல்லத் தொட்டுப் பார்த்தார். அது துருவோடு கழன்று கையோடு வந்தது.

அன்று பின்னேரம் அவர் றுவைஸின் வாசலில் நின்றார்.

"தம்பி, ஒரு பலகை வார்க்கோணும்."

"முத்திரை இருக்கே, சேர்."

"அதை நானே உடைக்கிறன்."

"உருக்க என்ன கிடக்கு? இருந்த சாமானெல்லாம் வித்துத் திண்டாச்சு."

பணிப்பாளர் துறைமுகப் பக்கம் திரும்பினார். "புது உலையின்ட வெளித்தகடு அலுமினியம்தானே?"

உரித்த உலையைப் பூச்சரங்களால் மூடினார்கள். பின்பக்கம் ஒருவர் தென்னம்பொச்சு எரித்துப் புகை காட்டினார். விருந்தினர் பலகையின் திரையை விலக்கி, "மீள்சுழற்சியில் இதற்கு மேல் போக முடியாது" என்றார். உண்மைதான். நாங்கள் எல்லாரும் கை தட்டினோம்.

றுவைஸுக்கு நிரந்தர அனுமதி கிடைத்தது, பெயர்ப்பலகை வார்க்க மட்டும். பலகைப் புகை அரசாங்கப் புகையாம். அதன் பிறகு சங்கங்களும் கடைகளும் பலகைக்கு வரிசையில் நின்றன. றுவைஸ் வீட்டில் அடுப்பு எரிகிறது.

போன கிழமை என் ஓட்டைத் தாச்சியைக் கொண்டுபோய், உருக்கிப் புதிதாக ஒன்று வார்த்துத் தரக் கேட்டேன்.

"தாச்சி ஏலாது அண்ணன், சட்டம். பலகை எண்டா இப்பவே ஊத்தித் தாறன். என்ன பேர் போட?"

சொன்னேன்.

இப்போது எங்கள் தெருவில் எல்லார் வாசலிலும் பெயர் மினுங்குகிறது. மீன்காரர் ஒவ்வொரு பெயராக வாசித்துக் கூப்பிட்டுப் பார்க்கிறார். பொரிக்கத் தாச்சி இல்லாததால் யாரும் எழும்பிப் போவதில்லை.