ஆசீர்வாதத்தின் குடலும் ஃபிளோராவின் லீவும்

வயிற்றுப்போக்கைக் காட்டியே மனைவியை மஸ்கட்டிலிருந்து மன்னார்குடிக்கு வரவழைத்துவிடுவது என்று ஆசீர்வாதம் முடிவு கட்டினார். உலகத்தில் எந்தப் புருஷனும் போடாத திட்டம். அவரிடம் வேறு ஆயுதமும் இல்லை.

ஃபிளோரா அங்கே நர்ஸ். பல வருஷமாக வீட்டில் அவரும் டிவியும்தான். இரண்டு பேருக்கு வடித்துப் பழகிய கை, ஒருவருக்கு வடிக்க மறுத்தது. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி, காலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். எதிரில் ஆளில்லாமல் சாப்பிடுவதைப் போல அவர் எதையும் வெறுத்ததில்லை.

மாதக்கணக்காகத் தண்ணீராய்ப் போனது நிஜம். ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. குறுவை நடவைப் பார்க்கப் போனாலும் பாதி வரப்பிலேயே திரும்பி ஓடிவந்தார்.

தஞ்சாவூர் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "குடல் சுத்தமா இருக்குங்க" என்றார்.

ஆசீர்வாதத்துக்குத் தலையில் இடி விழுந்தது. நோய் இல்லாவிட்டால் அவளுக்கு லீவு ஏது?

"நல்லாப் பாருங்க டாக்டர். ஏதாவது இருக்கும்."

"கண்ணுக்குத் தெரியாததும் உண்டு. அங்கங்க துளி சதை எடுத்து அனுப்பியிருக்கோம்."

மறுவாரம் பெயர் கிடைத்தது. மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ்.

"குடலோட உள்பக்கம் வீக்கம். மைக்ராஸ்கோப்புல வச்சாத்தான் தெரியும். கேன்சர் இல்ல, பயப்படாதீங்க. முட்டி வலிக்கு நீங்களா வாங்கிப் போடுற மாத்திரைகூட இதைக் கிளப்பியிருக்கலாம், நிறுத்துங்க. காப்பியைக் குறைங்க. இந்த பூடெசோனைடு மாத்திரையை தினமும் காலையில போடுங்க."

ஆசீர்வாதம் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் பெட்டியைப் பிரிக்காமல் மாதா படத்துக்குப் பின்னால் சொருகினார். உடனே வீடியோ கால்.

"ஃபிளோரா, வியாதி உறுதியாயிடுச்சு!" என்று பெயரைச் சொன்னார்.

"அதுவா? மாத்திரை போட்டா அடங்கிடும்ங்க."

"அடங்கலன்னா?"

"முதல்ல போடுங்க."

சில வாரம் கழித்து, சாகக் கிடப்பவர் குரலில், "இன்னும் நிக்கல" என்றார்.

"மாத்திரை?"

"தவறாம போடறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாதாவுக்கு நேர்ந்திருக்கேங்க. உங்களுக்குக் குணமானா நானே வந்து, உங்களோட வேளாங்கண்ணிக்கு நடக்கறேன்னு. இந்த வயித்தோட நீங்க எங்க நடக்கறது?"

போனை வைத்த கையோடு ஆசீர்வாதம் மாதா படத்தை நகர்த்தினார். மாத்திரை ஒரு நாள்கூடத் தப்பவில்லை. காப்பியைத் துறந்தார். முட்டி உயிரை எடுத்தது, பல்லைக் கடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக வயிறு அடங்கியது. நடைபயணத்துக்குக் காவி வேட்டி எடுத்தார். அவளுக்கும் ஒரு காவிப் புடவை எடுத்து, அதைக் கட்டில் மேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டில் இரண்டு பேர் இருப்பதுபோல் இருந்தது. அழுகை வந்தது.

"நின்னுடுச்சு ஃபிளோரா! வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்குள்ள வந்துடு."

"மாதாவுக்குத் தோத்திரம். இப்பத்தானே மாத்திரையைப் பிரிச்சீங்க?"

"யா... யார் சொன்னா?"

"தினம் போன்ல முகத்தைக் காட்டுறீங்க. மாதா படத்துக்குப் பின்னாடி அந்தப் பெட்டி பிரிக்காமலே எட்டிப் பாத்துட்டு இருந்துச்சு."

"சரி, தப்புத்தான். ஆனா வேண்டுதல்னா வேண்டுதல். டிக்கெட் போட்டியா?"

"கட்டாயம் வருவேங்க. மாதாகிட்ட பொய் சொல்ல முடியுமா?" ஃபிளோரா சிரித்தாள். "ஆனா எந்த வருஷம்னு நான் சொல்லலையே."