குடும்பத் தலைவர் துலுக்கானம்

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், புதுசாக மனை பிரித்த இடத்தில், தாட்சாயிணியும் வசந்தகுமாரியும் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள். ஒருத்தி சமைத்தால் ஒருத்தி பாத்திரம் கழுவுவாள். ஒரே பாய், ஒரே சீப்பு. குடித்தனம் என்று ஒன்று நடந்தால் அதற்கு ரேஷன் கார்டு என்று ஒன்று வேண்டும் அல்லவா. அதுதான் இல்லை.

வீட்டுக்காரர் கன்னியப்பன் சொல்லிவிட்டார். "பொங்கலுக்குள்ள கார்டு காட்டுங்க. இல்லாங்காட்டி காலி பண்ணுங்க. தெருவுல ஒருமாதிரி பேசிக்கிறாங்கோ."

தாட்சாயிணிக்குத் தொழில், புது வீட்டு வாசலில் மாட்டும் திருஷ்டி பொம்மை செய்வது. முட்டைக் கண்ணு, தொங்குற நாக்கு, மீசை. பயமுறுத்துகிற வேலை முழுவதும் ஆம்பளைக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் முற்றத்தில் ஆறடிக்கு நின்ற பொம்மை விற்பதற்கானது இல்லை. அது அவள் தனக்காகச் செய்துகொண்டது. அவளுக்குப் பேய்ப்படம் என்றால் உசுரு. "செத்துப் பேயானாத்தான் பொம்பள பேசறத ஊரு கேக்குது. உசுரோட கீறப்பவே பேயா இருந்துட்டா இன்னா?" என்பாள். அப்படி யோசித்து யோசித்து சிமெண்டில் செய்தது: கோரைப்பல், முறுக்கு மீசை, கனத்த மார்பு, எட்டு மாசத்து வயிறு, கை நிறைய வளையல். வசந்தகுமாரி அதற்குத் துலுக்கானம் என்று பேர் வைத்தாள். அந்தப் பக்கம் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள்.

கார்டு ஆபீஸ் கிளார்க் லோகநாதன் மூன்றாவது தடவையாக விசாரணைக்கு வந்தார்.

"ரெண்டு பேருக்கும் இன்னா உறவும்மா?"

"சேந்து கீறோம் சார்" என்றாள் தாட்சாயிணி.

"அக்கா தங்கச்சியா?"

"இல்ல."

"நாத்தனாரா?"

"அதுவும் இல்ல."

"சேந்து கீறதுக்கு பாரத்துல எடம் இல்லியேம்மா. குடும்பத் தலைவர்னு ஆம்பள யாராச்சும்?"

கம்பெனியில் ஷிப்டு முடித்து அப்போதுதான் வந்த வசந்தகுமாரிக்குக் கால் வலி. "அதோ நிக்குதே, எழுதிக்க சார்."

லோகநாதன் திரும்பிப் பார்த்தார். மீசை இருந்தது. அதை மறுப்பதற்கில்லை.

"பேரு?"

"துலுக்கானம்."

"குடிப்பாரா?"

"தொட்டதில்ல."

"அடிப்பாரா?"

"இதுவரைக்கும் இல்ல."

லோகநாதன் பேனாவை நிறுத்தி, மரியாதையாக இன்னொரு தடவை பார்த்தார். "கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க" என்று சொல்லி, எழுதிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் பெரிய அதிகாரி வீரராகவன் ஜீப்பில் வந்தார். மீசையைப் பார்த்தார், திருப்தி. பார்வை கீழே இறங்கியது, திருப்தி போய்விட்டது. 'மேற்படி நபர் மீசை வரையில் தகுதியுடையவர். மீசைக்குக் கீழ் ஆட்சேபணைக்குரியவர்' என்று குறிப்பு எழுதினார்.

"மாரையும் வயித்தையும் இடிச்சுடும்மா. கார்டு தயாராயிடும்."

பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. தாட்சாயிணி உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து அதிகாரி கையில் கொடுத்தாள். "நீங்களே இடிச்சுடுங்க சார். என்னால ஆவாது."

வீரராகவன் சுத்தியலை ஓங்கினார். கோரைப்பல் அவரையே பார்த்தது. ஒருவேளை அம்மனாக இருந்தால்? சுத்தியலை லோகநாதனிடம் கொடுத்தார்.

"எனக்கு ரெண்டு கொழந்தைங்க சார்" என்று லோகநாதன் அதை டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

நிர்வாகம் இதற்கெல்லாம் தயங்கி நின்றுவிடுமா. ஜீப் சீட்டின் மேல் விரித்திருந்த வெள்ளைத் துவாலையை உருவி, துலுக்கானத்தின் தோளிலிருந்து வயிறு வரை போர்த்தினார் வீரராகவன். போர்த்தியதும் துலுக்கானத்துக்கு ஒரு கெஜட்டட் ஆபீசர் களை வந்துவிட்டது. ஆட்சேபணை அந்த இடத்திலேயே நீக்கப்பட்டது.

போகிக்கு முதல் நாள் கார்டு வந்தது. குடும்பத் தலைவர்: துலுக்கானம், ஆண், வயது நாற்பத்தைந்து. அதன் கீழே, தாட்சாயிணி, மனைவி. அதற்கும் கீழே, வசந்தகுமாரி, மனைவி. இதில் மட்டும் எந்த ஆபீசருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

கன்னியப்பன் கார்டை இரண்டு தடவை படித்தார். "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? ஒரு ஆம்பளைக்கு ரெண்டு பேரு. ஊர் உலகத்துல இல்லாததா?" முற்றத்துக்குப் போய், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, ஒரு வணக்கமும் வைத்தார்.

தெருவில் பேச்சு நின்றது. எதிர்வீட்டு ராஜம்மா முதல்முறையாகக் குழம்பு கொண்டு வந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்கள்ல மூத்தது யாரு?"

"அதுக்குத்தான் தெனம் சண்ட" என்றாள் வசந்தகுமாரி.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மத்தியான ஆட்டம் சினிமாவுக்குக் கிளம்பினார்கள். வசந்தகுமாரி தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தால், தாட்சாயிணி இன்னும் முற்றத்தில் நிற்கிறாள்.

"பஸ்ஸு பூடும். அங்க இன்னாடி பண்ற?"

"ஒண்ணுமில்ல. ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

வசந்தகுமாரி சிரிக்கப் போனாள். சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்து, துலுக்கானத்தின் துவாலையைச் சரிசெய்துவிட்டு, "ஆறு மணிக்குள்ள ஊட்டுக்கு வந்துடுவோம்" என்றாள்.