விக்கியைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போன சித்தி எழுதுவது

ராஜகீழ்ப்பாக்கம்,
12.11.2008

சிரஞ்சீவி தனசேகருக்கு,

உன் சித்தி சுபத்ராவின் ஆசிகள். நான் நலம். நீயும் பெங்களூரில் நலமாகத்தான் இருக்க வேண்டும். அறுபத்தொன்பது வயதுக்காரியை ஒரே சொடுக்கில் வெளியே தள்ளும் தெம்பு உனக்கு இருக்கிறதே. மின்னஞ்சலில் என் கையெழுத்தின் கோபம் தெரியாது என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

நீயும் நண்பர்களும் செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுக்கிற தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல இணையத்தில் ஒரு விக்கி வைத்தீர்கள். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றீர்கள், எழுதினார்கள், வழுக்கைக்குத் தைலம் விற்கிறவன்கூட வந்து எழுதினான். அப்போது நீதான் போன் செய்து, "சித்தி, இனிமே கேக்கறவங்களுக்கு மட்டும்தான் எழுத பர்மிஷன். யாருக்குக் குடுக்கலாம்னு நீங்க பாத்துக்கோங்க, நீங்கதான் ஸ்ட்ரிக்ட்" என்றாய். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் ஒழுங்காகச் செய்வேன். விண்ணப்பிப்பவர் முழுப்பெயர், தகப்பனார் பெயர், காரணம் மூன்றையும் முழு வாக்கியங்களில் எழுத வேண்டும் என்றேன். இதில் என்ன தவறு? இரும்புலியூர் இளமாறன் "ஹாய், ஆக்சஸ் ப்ளீஸ்" என்று எழுதினான், திருப்பி அனுப்பினேன், மறுபடி அதையே எழுதினான், மறுபடி அனுப்பினேன், கடைசியில் பைக்கில் வந்து வாசலில் நின்றான்.

"இன்னா ஆன்ட்டி, அந்த சாஃப்ட்வேர்ல பாதி நான் எழுதினது. எனக்கே பர்மிஷன் இல்லன்றீங்க?"

"அப்ப எழுத வரும்தானே? உள்ள வந்து நாலு வரி எழுதிக் குடுங்க" என்று பேனாவைக் கொடுத்தேன். எழுதினான். காபி குடித்தான். உரிமையும் கொடுத்தேன். இதைத்தான் நீ கெடுபிடி என்கிறாய்.

அடுத்தது கல்யாண விவகாரம். காஞ்சிபுரத்தில் பட்டாபிராமன் பெண்ணுக்குக் கல்யாணம், இரண்டு நாள் வெளியூர், வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கேஸை மூடி, மோட்டாரை அணைத்து, கேட்டைப் பூட்டுவதுதானே வழக்கம், விக்கி மட்டும் திறந்து கிடக்கலாமா, ஆகவே அதன் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். அன்றுதான் நீங்கள் புதுப் பதிப்பை வெளியிட்டீர்கள் என்பதும், விக்கியில் போட்டிருந்த நிறுவும் முறை தப்பாக இருந்து எல்லார் கணினியிலும் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது என்பதும், பக்கம் பூட்டியிருந்ததால் அதைத் திருத்த யாராலும் முடியவில்லை, நீயோ விமானத்தில் இருந்தாய் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்தால் பக்கத்து வீட்டுச் செல்வமேரி, "அக்கா, உங்க வூட்டு போன் ரெண்டு நாளா கத்திகினே கீது, யாருக்கு இன்னா ஆச்சோன்னு நான் ஜெபம் பண்ணிட்டேன்" என்றாள். கணினியைத் திறந்தால் உங்களுக்கு அனுமதி இல்லை என்று வருகிறது. என் உரிமையைப் பறிக்குமுன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ.

இதை மட்டும் புரிந்துகொள். உன் சித்தப்பா ஜன்னலைத் திறப்பதற்குக்கூட என்னைக் கேட்பார். அவர் போனபிறகு இந்த வீட்டில் என்னைக் கேட்டுச் செய்ய யாரும் இல்லை. காலையில் கணினியைத் திறந்தால் எங்கிருந்தோ யாரோ ஒருவர் "அம்மா, அனுமதி வேண்டும்" என்று கேட்டிருப்பார். அதற்காகவே சீக்கிரம் எழுந்தேன். அந்த உரிமையைத் திருப்பிக் கொடு. இனி எதையும் பூட்ட மாட்டேன், உரிமைப் பட்டியலில் உன்னைக் கேட்காமல் ஒரு டிக் குறியையும் தொட மாட்டேன், இது சத்தியம்.

சரிதாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். குளிரில் குழந்தைக்குக் காதை மூடிவிடவும்.

இப்படிக்கு,
உன்னால் வெளியேற்றப்பட்ட சித்தி,
சுபத்ரா லோகநாதன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு தடவை பார்த்தேன். நீ எழுதும் உரிமையைத்தான் எடுத்திருக்கிறாய், உரிமை கொடுக்கும் உரிமையை எடுக்க மறந்துவிட்டாய். ஆகவே எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். அப்போது கை தவறி, பட்டியலில் என் பெயருக்கு மேலே இருந்த உன் பெயரின் டிக் குறி போய்விட்டது, அதோடு உன் உரிமையும். பதற வேண்டாம், திருப்பித் தருகிறேன். போனில் கேட்டால் கிடைக்காது. சரிதாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கேள்.