பதினாறு சிறீக்கு வந்த வியாதி

இராயப்பனின் வலது செருப்பு மட்டும் நனைந்திருந்தது. அப்புத்தளை மழை நனைத்தால் ஆளை முழுசாக நனைக்கும். ஒரு காலை மட்டும் பார்த்து நனைக்கும் வழக்கம் அதற்கில்லை. காருக்குள் குனிந்து பார்த்தார். பிரேக் மிதியின் மேலிருந்து ஏதோ சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

பெரகல சந்தியில் கராஜ் வைத்திருக்கும் ஜாபிர் வந்து, மூக்கை உறிஞ்சியபடியே பொனட்டைத் திறந்தான். பனிக்காலம் முழுக்க அவனுக்குத் தடிமன்.

"மாஸ்டர் பம்ப் ஒழுகுது ஐயா. நீங்க மிதிக்கிறத நாலு வீலுக்கும் கொண்டுபோறது இதுதான். உள்ள ரப்பர் தேஞ்சு போச்சு."

"சனிக்கிழமைக்குள்ள சரியாயிருமா?"

"ஒரு நாள் வேல ஐயா."

சனிக்கிழமை இராயப்பனின் ஒரே மகள் ஜெசீகாவுக்குக் கல்யாணம். தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து அவர் சேர்த்த சொத்து, அந்தப் பதினாறு சிறீ நம்பர்ப் பழைய கார் ஒன்றுதான். பிறந்த குழந்தையைப் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் கொண்டுவந்தார். மணப்பெண்ணாக மாதா கோயிலுக்கும் அதில்தான் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். ஆனால் மனைவி ஜெபமலர், எதற்கும் இருக்கட்டும் என்று, தன் தம்பி றிச்சர்டின் புது வேனுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அதை நினைத்தாலே இராயப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை ரப்பர் வாங்கப் பதுளைக்குப் புறப்பட்டார். பிரேக் ஒயிலைச் சில்லறையாக வாங்கிவர ஒரு போத்தல் வேண்டும். மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் பெரியாயிக்கு நாட்டு வைத்தியர் வெதமாத்தியாவிடம் முழங்கால் எண்ணெய் வாங்கிவர இன்னொன்று வேண்டும். இரண்டு காலிச் சாராயப் போத்தல்களைக் கழுவிப் பையில் வைத்தார்.

"இது ரெண்டும் நம்ம வீட்டுக்கு எப்புடி வந்துச்சு?" என்று ஜெபமலர் கேட்டாள். நல்ல வேளையாக பஸ் வந்துவிட்டது.

மாலையில் திரும்பியபோது, ரோட்டோரத்திலேயே பெரியாயி காத்திருந்தாள். பைக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்து நீட்டினார்.

"தேச்சா எரியுங்களாய்யா?"

"எரிஞ்சாத்தான் மருந்து," என்று சொல்லிவிட்டு ஜாபிரிடம் ஓடினார்.

ஜாபிர் புது ரப்பரைப் பூட்டி, ஒயிலை ஊற்றினான். கை தவறி ஒரு கரண்டியளவு மட்காட்டில் சிந்தியது. பதறிப்போனான்.

"துணி எடுங்க ஐயா, துணி. பிரேக் ஒயில் பட்டா பெயிண்டு உரிஞ்சு வந்துரும்."

துணி தேடிக் கொண்டுவரப் பத்து நிமிடம் ஆனது. துடைத்துப் பார்த்தால், பெயிண்ட் உரியவில்லை, முன்னைவிடப் பளபளத்தது.

"அந்தக் காலத்துப் பெயிண்டுப்பா," என்றார் இராயப்பன் பெருமையாக.

வியாழக்கிழமை காலை காரை எடுத்தார். பிரேக் பிடித்தது. பிடித்தது விடவேயில்லை. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் நின்ற இடத்திலேயே உறுமியது. முன்சக்கரத்தில் புகை வந்தது. ஜாபிர் மறுபடி பம்பைக் கழற்றினான். ரப்பர் பேக்கரிப் பணிஸ் போல ஊதியிருந்தது.

"கள்ள ரப்பர் ஐயா. கடக்காரன் ஏமாத்திட்டான்."

வேறு கடையில் வேறு ரப்பர் வாங்கிப் போட்டார்கள். போத்தலில் பாதி ஒயில் மிச்சமிருந்ததால் அதையே ஊற்றினார்கள். இராயப்பனை வேறொன்று உறுத்தியது.

"தடிமனுக்குத் தைலம் தேச்சா கொஞ்சமாத் தேய்க்கணும்ப்பா. காரு முழுக்க மணக்குது."

"நான் தைலமே தேய்க்கல ஐயா. எனக்கு ஒரு வாசமும் தெரியல."

பொய் சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு என்ன வந்தது என்று இராயப்பனுக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு செருப்பும் நனைந்தன. மிதித்தால் மிதி தரையைத் தொட்டது. பம்ப் உள்ளேயும் ஒழுகியது, வெளியேயும் ஒழுகியது. நாலு சக்கரத்திலும் ஈரம். ஜாபிர் தலையில் கைவைத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலை ஜெபமலர் காருக்குத் தீர்த்தம் தெளித்தாள். அவளுக்குத் தெரியாமல் இராயப்பன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தாயிற்று.

ஜெசீகா வந்து பக்கத்தில் நின்றாள். கையில் மருதாணி காயவில்லை.

"அப்பா, வேன்ல போனாலும் கல்யாணம் கல்யாணந்தாம்ப்பா."

"ஆமாம்மா," என்றார். அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகளைத் தானே ஓட்டிக்கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும் என்ற ஒரே ஆசை. பிரேக் இல்லாத காரில் அவளை ஏற்றவும் மனம் வராது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜாபிர் கடைசி முயற்சியாக வந்தான். பத்து மணிக்குக் கல்யாணம். குழாய்களையெல்லாம் கழுவி, பம்புக்கும் நாலு சக்கரத்துக்கும் புது ரப்பர் போட்டு முடிக்கும்போது மணி ஒன்பது. வாசலில் றிச்சர்டின் வேன் பூ வைத்துக்கொண்டு நின்றது. ஜெபமலர் ஜெசீகாவின் சேலை மடிப்பைப் பிடித்தபடி வேனைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், கடைசியாக இராயப்பனைப் பார்த்தாள்.

"இதுவும் ஊதிப்போனா எனக்குத் தெரியாது ஐயா," என்றான் ஜாபிர். "ஒயில ஊத்துங்க."

இராயப்பன் போத்தலில் கிடந்த மிச்சத்தைப் புனலுக்கு மேலே சாய்த்தார்.

அந்நேரம் மேல் லயத்துப் படிகளில் பெரியாயி கல்யாணச் சேலையோடு இறங்கி வந்தாள். ஒரு வருடமாகக் கம்பு ஊன்றி இறங்கியவள் இன்று கம்பில்லாமல் வந்தாள். கையில் முக்கால் போத்தல் எண்ணெய் இருந்தது.

"மருந்து நல்லாக் கேக்குதுங்கய்யா," என்றாள். "ஆனா தேச்ச கையோட கதவத் தொட்டா பெயிண்டெல்லாம் உரிஞ்சு வருது. மிச்சத்தையும் தேய்க்கலாங்களா?"