லாலியை அடித்தேன், மன்னிப்புக் கேட்கமாட்டேன்

ஊர் நூலகம்,
புதன்கிழமை மாலை

மரியாதைக்குரிய அபேனிசா அண்ணாவுக்கு, தங்கை உனைசி வணங்கி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் என் வீட்டுக்காரரும் பன்றிகளும் நலம். சுவாவில் அண்ணிக்கு முட்டிவலி தேவலையா?

விஷயம் உங்கள் காதுக்கு வந்திருக்கும், கையும் காலும் வைத்து. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் நூலகத்தில் வாண்டுகளுக்குக் கதை சொல்கிறேன் அல்லவா, மழைக்குப் பயறு போட்ட கிலுகிலுப்பை, காற்றுக்கு மூங்கில் குழல் எல்லாம் இருக்கிறது, அரக்கனுக்குத்தான் ஒன்றுமில்லை, அவன் என்ன செருப்பைத் தட்டிக்கொண்டா வருவான் என்று என் வீட்டுக்காரர் ஒரு கட்டையைக் குடைந்து சின்ன லாலி செய்து கொடுத்தார். முரசு சின்னதுதான், சத்தம் சர்ச் லாலிக்குக் கூடப்பிறந்தது. "அரக்கன் கதவைத் தட்டுறான், அடிடி!" என்று நாலு வயசு சேராவிடம் குச்சியைக் கொடுத்தேன். அவளுக்குத் தெரிந்தது ஒரே தாளம், சர்ச்சுக்குக் கூப்பிடும் தாளம். அதை அடித்தாள் பாருங்கள், நேரங்கெட்ட நேரத்தில் லாலி என்றால் சாவுதானே என்று அடுப்பில் மரவள்ளியை விட்டுப் பெண்களும் வலையை விட்டு ஆண்களும் மூக்கைச் சிந்திக்கொண்டே ஓடிவந்தார்கள். போதகர் இலியேசா கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி மூச்சிரைக்க நின்றார்.

"யாரும்மா போனது?"

"இன்னும் யாரும் போகலை போதகரே. அரக்கன் இப்பத்தான் வாசல்ல நிக்கிறான்."

சிரிக்கவேண்டாமா மனுஷன்? "லாலி என்ன விளையாட்டுச் சாமானா? கொண்டா இங்கே! உங்க வீட்டுப் பெரியவர் உங்க அண்ணனை வரச்சொல்லு, வழக்கப்படி யங்கோனா பான வேரை ஊர் முன்னாடி வச்சு மன்னிப்புக் கேக்கட்டும்!" என்றார். "லாலி நூலகத்தை விட்டு நகராது, எங்க அண்ணன் சுவாவை விட்டு நகரமாட்டார்" என்றேன். மறுநாளும் அடித்தேன், அதற்கடுத்த நாளும் அடித்தேன். இப்போது ஒருவரும் ஓடிவருவதில்லை. பார்த்தீர்களா, ஊர் பழகிக்கொண்டது! இதற்குப்போய் அத்தனை கூத்து.

ஏன் இந்த வீம்பு என்று அண்ணி கேட்பார்கள். பெரியவர்கள் பேசினால் நம் பிள்ளைகள் வாய்பொத்தி உட்காரவேண்டும், வீட்டிலும் சரி, சர்ச்சிலும் சரி. நூலகத்தில் மட்டும்தான் அதுகள் சத்தம் போட்டால் "இன்னும் பலமா" என்று ஒருத்தி சொல்கிறாள். அதையும் பிடுங்கினால் எனக்கு வயிறு எரியாதா? தலை போனாலும் லாலியைக் கொடுக்கமாட்டேன். நீங்கள் வரவும் வேண்டாம், வேர் வாங்கவும் வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் படகையும் பல்லையும் காப்பாராக.

இப்படிக்கு,
குனியாத தங்கை
உனைசி

பி.கு: உறையை ஒட்டும்போது சர்ச் லாலி அடித்தது. புதன்கிழமை ஜெபம். பக்கத்து வீட்டு டோரிக்கா, "உனைசி திரும்ப ஆரம்பிச்சுட்டா" என்று மரவள்ளியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பெரியவர்கள் ஒருவரும் அசையவில்லை. வாண்டுகள் மட்டும் கதைதான் என்று கிலுகிலுப்பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின, பின்னாலேயே நான். காலி சர்ச்சில் போதகர் தனியாக நின்றார். முன்வரிசையில் உட்கார்ந்து சேரா கேட்டாள், "அரக்கன் எங்கே?" மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது அண்ணா, எனக்கும்தான். பிறகு அவர் யோனா கதை சொன்னார், கடலுக்கு இதுகள் கிலுக்கின. "ஞாயித்துக்கிழமையும் இதுகளைக் கொண்டுவாங்க" என்று அவரே வாய்விட்டுக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடுங்கள். யங்கோனா பெரிய கட்டாகப் பாருங்கள். லாலியைப் போதகரிடம் ஒப்படைக்க நானே சுமந்து வருகிறேன். அரக்கன் இனி செருப்பைத் தட்டிக்கொண்டே வரட்டும்.